சூடு ஆறாத கட்டில்

பெயர்: பதிவில் உள்ளதே. வேலை செய்யும் இடத்தில் சுருட்டை என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தொன்று. தொழில்: முதியோர் இல்லத்தில் ஆயா. விலாசம்: பழைய ஆணிப் பட்டறைக்குப் பின்னால் உள்ள பெண்கள் விடுதி, மாடி அறை, ஜன்னலோரக் கட்டில். கட்டில் வரைக்கும் எதற்கு என்று வாக்குமூலம் எழுதுகிற போலீஸ் அதிகாரி கேட்டார். விஷயமே கட்டிலில்தான் இருக்கிறது, எழுதுங்கள் என்றேன்.

அந்தக் கட்டில் எனக்கும் என் ஓரகத்திக்கும் சேர்த்து ஒன்று. அவள் என் கொழுந்தன் மனைவி. எனக்குப் பகல் வேலை, அவளுக்கு வேறொரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இரண்டு இல்லத்துக்கும் ஆள் அனுப்புவது ஒரே ஏஜென்ட், விடுதியும் அவருடையதுதான். நான் வரும்போது அவள் எழுந்து போவாள், அவள் வரும்போது நான் எழுந்து போவேன். தலையணை, போர்வை எல்லாம் பொது. அந்த அறையில் எல்லாக் கட்டிலும் அப்படித்தான். ஒருத்தி எழுந்த சூட்டில் இன்னொருத்தி படுப்பாள். கட்டின புருஷன்கூட இப்படிச் சூடு பண்ணி வைத்ததில்லை என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம்.

சம்பவம் தொடங்கிய அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அக்கா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். இரவு வேலை பார்க்கிறவள் அதைச் சொல்லாத நாளே கிடையாது. "எனக்கு மட்டும் என்ன, பூப்போட்ட மாதிரியா இருக்கு? போய்ட்டு வாடி" என்று அனுப்பிவிட்டு, அதன் பிறகு நான் படுத்தேன். தலையணை வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டது. நன்றாகத் தூங்கியிருக்கிறாள், பாவம் என்று நினைத்து, அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். அது காய்ச்சல் சூடு என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் இல்லத்தில் பெரியவர்கள் வரிசையாக இருமியபோது, பருவம் மாறினால் வருகிற சளி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு சில நாளில் எனக்கு இருமல் கண்டது. நான் மறைக்கவில்லை. நேரே மேற்பார்வை நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஆள் இல்லம்மா. மாஸ்க்க ரெண்டா போட்டுக்கிட்டு வேலையப் பாரு" என்றார். வேலைக்கு வராதவளுக்குக் கட்டில் கிடையாது என்பது ஏஜென்ட் போட்ட சட்டம். இருமிக்கொண்டு தெருவிலா படுப்பேன்? போய் வேலையைப் பார்த்தேன்.

என் பொறுப்பில் கண்டக்டர் தாத்தா என்று ஒருவர் இருந்தார். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும்போதெல்லாம் "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு" என்பார். அதன் பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்து, இறந்துபோனார். நான்தான் கொடுத்தேனா என்றால், கொடுத்திருக்கலாம். அதற்காக இல்லத்து மேனேஜர் என்னை வாசலில் நிறுத்திக் கொலைகாரி என்று கத்தியதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. தாத்தாவுக்கு வாயில் ஊட்டியவள் நான். அந்த அறைக்குள் மேனேஜர் காலடி வைத்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு என்னை இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். ஓரகத்தி நோயை மறைத்து வேலைக்குப் போனாள் என்று சொன்னால், என்னைச் சாட்சியாக்கி விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். அவள் ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் மாட்டிக் கிடக்கிறாள். எதிர்த்துப் பேச மாட்டாள் என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். எனக்கு வாய் இருக்கிறது. அவள் மறைக்கவில்லை. என்னிடம் சொன்னாள், நான்தான் கேலி பண்ணி அனுப்பினேன். வழக்குப் போடுவதென்றால் என் மேல் போடுங்கள். போடும்போது, ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்கவைத்த ஏஜென்டையும், ஆள் இல்லை என்ற நர்சம்மாவையும், அந்த மேனேஜரையும் எனக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். மூன்று பேரும் சொந்தக் கட்டிலில் தூங்குகிறவர்கள்.

இவ்வளவும் என் வாயால் சொன்ன உண்மை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஓரகத்தி "தெரிந்தே" வேலைக்குப் போனாள் என்று நடுவில் ஒரு சொல் சேர்ந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை என்றேன். ஒரு சொல்தானே என்றார்கள். ஒரு சொல்தான், கோடு போட்டு அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். அதன் பிறகே கையெழுத்துப் போட்டேன்.