பறி நிறைந்தால்

பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, எங்கள் ஊர் ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள். மூத்தவள் மடியில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் தந்த மாத்திரைகள்.

“உனக்கு வந்த பைபோலார் எனக்கும் வந்திருக்கக் கூடாதாக்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி பேச்சு இது?”

“பின்ன இன்னா? தூங்கினியா, மாத்திரை போட்டியான்னு மாமா உன்னைத் தெனம் கேக்குறாரு. என் ஊட்டுக்காரரு ஒரு நாளும் கேட்டதில்ல. வயிறு எரியுது.”

“எனக்கும் உன்மேல எரியுதுடி. உன் பறி நெறைஞ்சா உன் ஊட்டுக்காரரு சிரிக்கிறாரு. என் பறி நெறைஞ்சா, முன்ன தூக்கமே இல்லாம ஏரியிலயே கெடந்தேனே, அப்படி மறுபடியும் ஆயிடுச்சோன்னு மாமா என் கண்ணையே பாக்குறாரு. அதான், பாதி எறாவைத் தண்ணியிலயே உட்டுட்டு வரேன்.”