ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட வெள்ளிக்கிழமைகள்

இரண்டு மணிக்கென்றால் இரண்டு மணிக்கே கதிரையில் வந்தமர்ந்துவிட்ட தலைவர், ஓய்வுநிலைப் பள்ளிக்கூட அதிபர் ராசமலர் அம்மா அவர்களே, பள்ளிவாசல் பெரியோரே, திரியாயிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பும் நாளெல்லாம் கரையில் உயிரைக் கையில் பிடித்திருக்கும் தாய்மாரே, முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தின் பொருளியல் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றிருக்கும் விழா நாயகி கலாநிதி ஸல்ஹா அம்மையார் அவர்களே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

கரையில் நின்று கயிறு பிடித்து வலையிழுக்கும் புல்மோட்டைக் கரைவலைக்காரரின் செயலாளர் ஜமால்தீன் பேசுகிறேன். நான் நிம்மதியாக மூச்சு விடத் தொடங்கி இன்றைக்குப் பதினோரு நாள்.

மூதூரில் மீனவர் வீட்டில் பிறந்து, லோஞ்ச் படகில் ஏறித் திருகோணமலைக்குப் படிக்கப் போனவர் நம் அம்மையார். கொழும்பில் எத்தனை அரசாங்கம் மாறியது? அவர் கதிரை மாறியதா? இல்லை. எந்த ஊருக்குக் குளம், எந்த ஊருக்குப் பாலம் என்று அவர் எழுதினால் அமைச்சரவை அசையும். அவர் அறிக்கையில் பிழை பிடிக்க ஒருவருக்கும் ஏலாது.

அப்படிப்பட்டவரின் கையெழுத்தோடுதான் மாசியில் எங்களுக்கொரு கடிதம் வந்தது. மூன்று வருடமாக மீன் படாத கரை, மூடிவிடலாம் என்றது அது. மீன் படாத கரையா? நூற்றுப்பத்து வீட்டில் அடுப்பெரிந்தது எதனால்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது எதனால்?

ஆறு பேர் கொழும்புக்குப் போனோம். அம்மையார் எங்கள் மூன்று வருட மீன் கணக்குப் படிவங்களை மேசையில் பரப்பினார்.

"இது உங்கட கையெழுத்துத்தானே? ஒவ்வொரு முறையும் ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருக்கிறீங்க."

"ஓம் மேடம். அண்டண்டைக்கு ஒண்டுமில்லைதான். வெள்ளிக்கிழமையில ஆர் வலை போடுற?" என்றேன்.

நடந்தது இதுதான். தகவல் எடுக்கும் உத்தியோகத்தருக்கு வாகனம் கிடைப்பது வெள்ளியில் மட்டும். வருவார், தேத்தண்ணி கொடுப்பேன். "இண்டைக்கு எவ்வளவு மீன்?" என்பார். "இண்டைக்கு ஒண்டுமில்லை" என்பேன். கேட்டதற்குப் பதில் சொன்னனான். ஜும்ஆத் தொழுகை நாளில் எங்கள் வலை நனையாது என்பது ஊருக்கே தெரியுமே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டேன். என்ன, பின்வரிசையில் சிரிப்பா? சிரியுங்கள். கடிதம் வந்த அன்று உங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மையார் கலண்டரை எடுத்துத் திகதி திகதியாகப் பார்த்தார். எல்லாம் வெள்ளி. பக்கத்தில் நின்ற அதிகாரி நிருபன் மெல்லச் சொன்னார்: "தகவல் எடுத்தவரின்ட பிழையெண்டு எழுதுவம் மேடம். ஓய்வுக்கு ரெண்டு மாதந்தானே கிடக்கு. உங்கட பேர் ஏன் கெடவேணும்?"

அம்மையார் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "என்ட வாப்பாவும் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாதவர். இந்தத் திகதிகளப் பார்த்திருக்க வேண்டியது நான்."

எங்கள் கண் முன்னே எழுதினார். எண்கள் சரி, அவற்றை வாசித்த நான் பிழை, என் பரிந்துரையை நானே மீளப் பெறுகிறேன் என்று எழுதினார்.

பெரியோரே, அறிவிருந்தால் அறிக்கை எழுதலாம். அதிகாரமிருந்தால் ஆணை எழுதலாம். முப்பத்தொரு வருடம் தேடிய பெயரின் மேல் தானே கோடு கிழிக்க என்ன வேண்டும்? ஆளுக்கு அஞ்சாத நெஞ்சு வேண்டும். அல்லாஹ்வுக்கு மட்டும் அஞ்சும் நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு இருந்ததால்தான் இந்தக் கரை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

கரை மூடப்படாது என்று பதினோரு நாளைக்கு முன் சிங்களத்தில் கடிதம் வந்தது. ராசமலர் அம்மா அதைத் தமிழில் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் நான் அழுதேன். ஓம், பின்வரிசை இல்ஹாம், நீயும்தான் அழுதாய், மறைக்காதே.

இடம் தந்த தலைவருக்கும், வெயிலில் இருந்து செவி தந்த உங்களுக்கும் என் நன்றி. அம்மையாரே, இன்றும் வெள்ளிக்கிழமை. தோணிகள் கரையில் கிடக்கின்றன, வலை காய்கிறது. இன்றைக்கு மீன் ஒன்றுமில்லை, பயமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். நாளை சனி. விடிய வாருங்கள், முதல் வலையின் கயிற்றில் உங்கள் கைக்கும் இடமிருக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.