நட்சத்திரம் போட்ட வரி

செருப்பை ஜோடியாக விடாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு அலமாரியைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் மனைவி. பல்கலைக்கழகத்தில் எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே அந்தக் குணத்துக்காகத்தான்.

வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பாடப் பட்டியலை அக்கா தட்டி வைப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அதை நான் எக்ஸ்எம்எல்லாக மாற்றுவேன். பாடத்தின் பெயர், ஆசிரியர், நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. திறக்க ஓர் அடையாளம், மூட ஓர் அடையாளம். மாணவர்கள் பதிவு செய்யும் மென்பொருள் அந்தப் பெட்டிகளைத்தான் படிக்கும்.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையாவது தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் நட்சத்திரம் போட்டு அடியில் எழுதிவிடுவார். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த வேதியியல் செய்முறைப் பாடத்துக்கும் அப்படி ஒரு வரி இருந்தது: பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவர்களுக்கு அனுமதி இல்லை. துறைத் தலைவர் ஃபோனில் சொல்லி அக்கா சேர்த்தது. அதற்குப் பெட்டி இல்லை. புதுப் பெட்டி கேட்டு எழுதினால் இரண்டு வாரம் ஆகும். எனக்கு அன்று மதியம்வரைதான் கெடு. ஆயிரத்து நானூறு பாடங்களில் அந்த ஒன்று மட்டும் பிழை என்று சிவப்பாக நின்றது.

எக்ஸ்எம்எல்லில் குறிப்பு என்று ஒரு வசதி உண்டு. அதற்குள் எழுதியதைக் கோப்பைத் திறக்கும் மனிதன் படிக்கலாம், மென்பொருள் கண்டுகொள்ளாது. வரியை அதற்குள் வைத்தேன். சிவப்பு போய்விட்டது.

மறுநாள் அக்கா இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, என் நட்சத்திரத்தக் காணோமே?"

"உள்ள இருக்குக்கா" என்றேன். அது பொய் இல்லை.

மூன்றாவது வாரம், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த ஒரு பெண் ஆசிட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாம். இரண்டு கண்ணும் போய்விட்டது.

விசாரணை என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. மூலமும் மாற்றியதும் ஒத்துப்போக வேண்டும், எங்கள் வேலையில் அதுதான் விதி. மாற்றியது ஏற்கெனவே இணையத்தில் ஏறிவிட்டது, அதைத் திருத்த அப்போது வழியில்லை. அதனால் மூலத்தைத் திருத்தினேன். அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, நட்சத்திரத்தையும் அந்த வரியையும் எடுத்தேன். எழுந்தபோது நாற்காலியைப் பழையபடி உள்ளே தள்ளி வைத்தேன்.

விசாரணைக் குழு அக்காவின் கோப்பையும் இணையப் பக்கத்தையும் ஒப்பிட்டது. ஒத்துப்போனது. துறைத் தலைவர் சொன்ன வரியை அக்காதான் விட்டுவிட்டார் என்று முடிவானது. என் கோப்பை யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் என்னைப் பார்த்தார். "நான் உன்கிட்ட கேட்டேனே தம்பி, நட்சத்திரத்தக் காணோம்னு?"

"அது வேற பாடம்க்கா. நீங்க குழப்பிக்கிறீங்க."

தன் விரல்களைப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார்.

அக்காவுக்கு வேலை போயிற்று. அந்தப் பெண்ணுடைய அம்மாவின் காலில் அக்கா விழுந்து மன்னிப்புக் கேட்டாராம். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு எனக்கு ஃபோன் செய்வார். "நீதான பக்கத்துல இருந்த, சொல்லு. நான் அந்த வரியப் போட்டேனா இல்லையா?" எனக்குத் தெரிந்து இல்லை என்பேன். "சரிப்பா, வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார். இரண்டு வருடம் அப்படி. போன மாதம் அக்கா இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் இன்றும் ஃபோனை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுகிறேன். பூட்டினாலும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.

புது மென்பொருளுக்காக என் கோப்பைத் திறந்த நீங்கள், இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். இதுதான் பதில். அக்காவின் கோப்பிலிருந்து எடுத்தவன் நான். ஆனால் என் கோப்பில் பாருங்கள், ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இத்தனை நாளில் அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.