உள்ளங்கையில் மஞ்சள்

— இந்தத் தடவை மாத்திரை தர்றதா இல்லைப்பா, கதிரேசா.

— இன்னா மாமி, தீந்துடுச்சா? பரவால்ல. அமெரிக்காலேர்ந்து உங்க புள்ள மறுக்கா அனுப்புனதும் வந்து வாங்கிக்கினு போறேன்.

— தீரலை. ராமானுஜம் போன வாரந்தான் ரெண்டு பாட்டில் கொடுத்தனுப்பிச்சான். உள்ள ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. தர்றதுக்கு மனசு வரலை. நீ முதல்ல உள்ள வா. இந்த உச்சி வெயில்ல, ஒரு தொப்பி கூட இல்லாம, குப்பத்துலேர்ந்து நடந்தேவா வந்தே?

— தோ இங்க கீது குப்பம். நாலு தெரு.

— கண்ணைத் தெறக்க முடியாம கூசிண்டு நிக்கறே, நாலு தெருவாம். ஃபேனுக்குக் கீழ உக்காரு. மோர் கொண்டு வரேன்.

— மோரு அப்பால. நான் எதுனா தப்பா நடந்துக்கினேனா மாமி?

— நீ என்ன தப்பு பண்ணே. ராமானுஜம் போன் பண்ணினான். அங்க அவன் சிநேகிதன் ஒருத்தன் டாக்டர். அவன்கிட்ட இந்த காரட் மாத்திரையைப் பத்திப் பேச்சு வந்திருக்கு. உன்னை மாதிரி தோல்ல கான்சர் வந்து ஆபரேஷன் ஆனவாளை நெறையப் பேரைச் சேத்துண்டு, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும், பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பாத்தாளாம். வருஷக்கணக்கா.

— அப்பால?

— மறுபடி வந்தது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானாம். இதைச் சாப்பிட்டதால ஒருத்தரும் தப்பிக்கலை. பீடி, சிகரெட் பிடிக்கறவாளுக்குக் கெடுதல்னு வேற இப்ப சொல்றாளாம். நீ பீடி பிடிக்கறே.

— வலை இயுத்துட்டு வந்தா ஒண்ணு ரெண்டு. அத்த வுடுங்க. வெயிலு பட்டா ஒடம்புக்குள்ள துரு புடிக்கிறாப்பல ஆவுது, இந்த மாத்திரை அந்தத் துருவைத் தின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்துக்கினு?

— சொன்னேன். பாட்டிலோட வந்த காகிதத்துல ஏதேதோ பெரிய வார்த்தையா போட்டிருந்தது. துருங்கறது நான் சொன்னது. உனக்குப் புரியணுமேன்னு.

— நல்லாப் புரிஞ்சிச்சு. போட்டு என்ஜினை உப்புத் தண்ணி திங்கிறத தெனம் பாக்குறவன் நானு. அதுக்கு கிரீசு தடவுற மாதிரி, எனக்கு இதுன்னு நெனச்சிக்கினேன்.

— அந்தப் பெஞ்சுலதானே உன்னை முதல்ல பாத்தேன். தொண்ணூத்தி நாலுல, எங்காத்து மாமாவுக்கு உள்ளங்கால்ல மச்சம் மாதிரி வந்ததை வெட்டி எடுத்த அன்னிக்குத்தான் உனக்கும் காதுல பாதியை எடுத்தா.

— உங்க வூட்டு சாரு என்னைப் பாத்துட்டு, எந்த நாட்டுக்காரன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. ஊரூர் குப்பம் சார்னேன். அந்த வலியிலயும் சிரிச்சாரு. தலமயிரு, புருவம், தோலு எல்லாம் வெள்ளையா பொறந்துட்டா இன்னா செய்றது. எங்காளுங்களே வெள்ளையன்னுதான் கூப்புடுறானுங்க.

— அவருக்கு லேட்டா ஆரம்பிச்சோம், அதான் பலிக்கலைன்னு நெனச்சுண்டேன். அவர் போனப்புறம் பாட்டில்ல பாதி மீந்து போயிருந்தது. நீயாவது முன்னாடியே சாப்பிட்டுப் பொழைச்சுக்கோன்னு உன்கிட்டக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அனுப்பு அனுப்புன்னு பிள்ளையைப் படுத்தினேன். உனக்காகன்னுதான் சொல்லிண்டேன். ஆனா நீ வந்து வாங்கிண்டு போறச்சே எல்லாம், அவருக்கே எடுத்துக் கொடுக்கற மாதிரி இருக்கும் எனக்கு.

— தெரியும் மாமி. பாட்டிலைக் குடுக்கும்போது வேளாவேளைக்குச் சாப்புடுங்கோன்னுவீங்க. என்னைப் போயி யாரு அப்படி மருவாதையா சொல்லப்போறாங்க.

— சரி. இனிமே இதை நம்பாதே. டாக்டர் சொன்னதுதான். முழுக்கைச் சட்டை, தொப்பி. வெயில் ஏறறதுக்குள்ள கரைக்கு வந்துடணும். அதெல்லாம் பண்ணிண்டுதானே இருக்கே?

— மாத்திரை தின்ன ஆரம்பிச்சதும் சட்டையக் கயட்டிட்டேன்.

— ஏம்ப்பா அப்படிப் பண்ணினே?

— சின்னப் புள்ளையிலேர்ந்து நைனா என்னை மூட்டை மாதிரி சுத்தித்தான் கடலுக்கு இட்டுக்கினு போவாரு. மத்தவனுங்க கோமணத்தோட குதிப்பானுங்க. நான் மட்டும் கண்ணாலத்துக்குப் போறவனாட்டம் முயுக்கைச் சட்டையோட உக்காந்துகினு இருப்பேன். அப்பால உங்க மாத்திரை வந்திச்சு. கொஞ்ச நாள்ல உள்ளங்கையெல்லாம் மஞ்சளாச்சு. எம் பொஞ்சாதி பொன்மணி என் கையப் புடிச்சு டியூப்லைட்டாண்ட வெச்சுப் பாத்துட்டு, மாமா, உனக்குக் கலரு வருதுன்னா. மறுநாளு வெறும் ஒடம்போட வலை இயுத்தேன். முதுவுல வெயிலு வியுந்துச்சு. எரிஞ்சிச்சுதான். ஆனா நல்லா இருந்துச்சு மாமி. எல்லாரையும் மாதிரி இருந்துச்சு.

— பெருமாளே. அது மாத்திரையோட கலர்ப்பா. காரட்டோட மஞ்சள், கையில ஏறியிருக்கு. வேற ஒண்ணும் இல்லை.

— இப்பத்தானே தெரியுது. இந்த ஒரு வருசமும் அப்படியேதான் திரிஞ்சேன்.

— அந்தத் துண்டை எடு. வந்ததுலேர்ந்து கழுத்தை இழுத்து இழுத்து மூடிக்கறே.

— வேணாம் மாமி.

— எடுன்னா எடு. என்னதிது? நெல்லிக்கா அளவு இருக்கே. டாக்டர்கிட்டக் காமிச்சியா?

— காட்டுனேன். படம் புடிச்சுப் பாத்தாரு. நெஞ்சுக்கு எறங்கிடுச்சாம். வெட்டி எடுக்கிறதுக்கெல்லாம் இல்ல, வலி தெரியாம இருக்க மருந்து எய்தித் தரேன்னாரு.

— பொன்மணிக்குத் தெரியுமா?

— நெறி கட்டிக்கீதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெனம் காலைல அவதான் மாத்திரைய எடுத்து என் வாயில போடுவா. போட்டுட்டு மூஞ்சியவே பாத்துக்கினு நிப்பா. பாட்டிலு காலியாயிட்டா ஏன்னு கேப்பாளே, அவளாண்ட இன்னா சொல்றது. மாவா இருந்தாலும் பரவால்ல. குடுங்க.

— என் வாயால சொன்ன வார்த்தை. அதை நம்பிண்டு நீ போய் வெயில்ல நின்னிருக்கே.

— அயுவாதீங்க மாமி. சட்டையக் கயட்டச் சொல்லி நீங்களா சொன்னீங்க? நாந்தான் ஆசைப்பட்டேன்.

— ரெண்டு பாட்டிலையும் எடுத்துண்டு போ. இனிமே இதால உனக்கு என்ன வந்துடப் போறது. அந்தப் பொண்ணு மனசாவது கொஞ்ச நாளைக்கு நிம்மதியா இருக்கட்டும். இரு, பையில போட்டுத் தரேன்.

— மாமி. இந்த மாத்திரை பெரியவங்களுக்குத்தான் கேக்கலையா? சின்னப் புள்ளைங்களுக்குமா?

— யாருக்குக் கொடுத்தாலும் அதேதான். ஏன், எந்தக் கொழந்தைக்குக் கேக்கறே?

— எம் பொண்ணுக்கு.

— அவளுக்கு என்ன? எத்தனையோ தரம் கேட்டிருக்கேன், கொழந்தையைக் கூட்டிண்டு வந்து காமின்னு. நீதான் ஏதாவது சாக்கு சொல்லுவே.

— பொன்மணி எங்க அக்கா பொண்ணு மாமி. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம். பாப்பாவும் என்னை மாதிரியே வெள்ளையா பொறந்துடுச்சு. யாராண்டயும் காட்டாம வூட்டுக்குள்ளயே பொத்திப் பொத்தி வெச்சிருந்தா.

— வெச்சிருந்தான்னா? இப்ப?

— எனக்குத்தான் லேட்டாச்சு, பாப்பாவுக்கு இப்பவே குடுத்தா புடிச்சிக்கும்னு நெனச்சோம். மாத்திரைய ஊசியால குத்தி, உள்ள கீற எண்ணெயத் தேன்ல கொயப்பி நாக்குல தடவுறா. மெய்யாலுமே அதுக்குத்தான் மாமி இன்னிக்கு வந்தேன்.

— கதிரேசா, கொழந்தை இப்ப எங்க இருக்கா?

— நான் கெளம்பறப்ப, பொன்மணி அதோட சட்டையக் கயட்டிட்டு, மத்த புள்ளைங்களோட மணல்ல வுட்டுக்கினு இருந்தா. அது அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

— ஐயோ. மணி பன்னண்டாகப் போறதே. எழுந்திரு, எழுந்திரு. இந்தா, பை.

— அத்த உள்ள வெச்சிடுங்க மாமி. பாப்பாவுக்குச் சட்டையப் போடணும்னா, நான் சாவப்போறேன்னு போயி பொன்மணியாண்ட சொல்லணும்.