ஏர்போர்ட்டுக்கு வேன்

1. அரியலூர் பஸ் பெரம்பலூரில் கிளம்பியது.
2. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள்.
3. இளையவள் தன் அக்காவிடம் சொன்னாள்: "இந்தத் தடவ பிரியாணி கெடக்கட்டும் லாத்தா, நான் ஏர்போர்ட் போறேன்."

மூத்தவள் திரும்பினாள். "துபாயிலேருந்து ஒம் மாப்பிள்ளை வர்றப்ப நீ போனதே இல்லியா?"

"எங்க? செல்போன் ஆப்புல கார் போடுவாங்க. மாமா, மாமி, நாத்தனா ஏறிடுவாங்க. திரும்பறப்ப அவருக்கு ஒரு சீட்டு வேணும்ல. நீ வூட்ல இருந்து ஆக்கி வைன்னுடுவாங்க."

"இப்ப மட்டும்?"

"வெள்ளிக்கெழம காலைக்கு நானே வேன் பேசிட்டேன். எல்லாருக்கும் எடம் இருக்கு. பொட்டிக்கும் இருக்கு."

"மாமி சும்மா வுட்டாங்களா?"

"கார்தான் சொகுசுன்னாங்க. போன தடவ திருச்சியில நம்ம ஊரு பேரக் கேட்டதும், திரும்பறப்ப சவாரி கெடைக்காதுன்னு ஒரு ஆப் கார்காரனும் வரல, வெயில்ல நின்னீங்களேன்னேன். ஒடனே வேன் எத்தன மணிக்குன்னு கேட்டாங்க."

"அடி சக்கை! அப்ப சோறு?"

"வர்ற வழியில ஹோட்டல். அவரே வாங்கித் தரட்டும்."

"நீ வர்றது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெளிய வந்ததும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கணும்."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வருகிறது. அவளும் போகிறாள்.