வாடகை வீட்டு மங்குஸ்தான்

கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள்.

"வாடகை வீட்டுல எவனாவது மங்குஸ்தான் வைப்பானா?"

"எட்டு வருஷம் தண்ணி ஊத்தினேன். இப்பத்தான் பூத்திருக்கு. இந்த நேரம் பார்த்து காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு நான் கண்டேனா?"

"வாழை வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன். தின்னுட்டாவது போயிருக்கலாம்."

"பழுக்கும்போது வந்து பறிச்சுக்கலாம், கேட்டியா. வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு."

"அவரு மகன் கார் நிறுத்த அந்த மரத்தை முறிக்கப் போறான். உங்ககிட்ட சொல்லத்தான் யாருக்கும் மனசு வரல."

பஸ் கிளம்பியதும் அவள் அவர் மடியிலிருந்த பையை விலக்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ரம்புட்டான். ஒட்டுக் கன்னு. மூணே வருஷத்துல காய்க்கும்."

"புது வீட்டு அக்ரிமென்ட் பதினோரு மாசத்துக்குத்தான்" என்றாள்.