சந்தனம் வைத்த கொக்கி

காபி வேண்டாம் சார். உட்கார நாற்காலி கொடுத்தீர்களே, அதுவே போதும். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். இந்த வயதில் முட்டி தாங்குவதில்லை.

எங்கள் ஜிம்னேசியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழக வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம், செங்கல் கட்டடம், வெள்ளைக்காரன் காலத்தது. தேக்கு உத்தரம், அதிலிருந்து தொங்கும் ஏறுகயிறு. கோயமுத்தூர் போலீஸ்காரர்களில் பாதிப் பேர் அதில் ஏறிப் பழகித்தான் வேலைக்குப் போனார்கள். நான் அங்கே உடற்கல்வி இயக்குநர், கிளமென்ட். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்கு வீடு வாசல் எல்லாம் அந்தக் கட்டடம்தான்.

அதை இடித்துவிட்டு ஏசி ஹால் கட்ட நிர்வாகத்துக்கு நெடுநாள் ஆசை. ஏதாவது ஒரு குறை கிடைத்தால் பூட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, கயிறு மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கியில் விரிசல். ஏணி போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். நகம் உள்ளே போனது. மாற்றலாமே என்பீர்கள். மாற்ற அலுவலகத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் கதை முடிந்தது.

ஆயுத பூசைக்குப் பிள்ளைகள் தம்பிள்ஸ், தொங்கும் பார், என் விசில் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன், இருந்தாலும் தடுத்ததில்லை. இந்த வருடம் கொக்கிக்கு நானே வைத்தேன். விரிசல் மறைகிற மாதிரி சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். பூசைப் பொட்டை நம் ஊரில் யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த இன்ஜினியர் கௌதமனும் துடைக்கவில்லை. கொக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

“சாமி காரியமுங்க, அதைப் போய் எதுக்குச் சொரண்டிக்கிட்டு. யாராச்சும் ஒருக்கா ஏறிக் காட்டுனாப் போதுமுங்க சார், கையெழுத்துப் போட்டுத் தந்துபோடறேன்.”

வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார். பயிற்சிக்கு வந்திருந்த பெண்களைப் பார்த்தேன்.

“ரித்திகா, நீ ஏறிக் காட்டு கண்ணு.”

“உச்சி வரைக்குங்களா சார்?”

“உச்சி வரைக்கும்.”

கீழே மெத்தை விரிக்கவில்லை. விரித்தால் கொக்கி மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று கௌதமன் நினைத்திருப்பார். அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். உத்தரத்தைத் தொட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். கொக்கி முறிந்தது.

அவள் அம்மா பொற்கொடி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. “நீங்க பக்கத்துல இருந்துமா சார் இப்படி ஆச்சு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதற்கப்புறம் எதையும் மறைத்துக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை.

விரிசல் இருப்பது தெரிந்தே அந்தப் பிள்ளையை நான்தான் ஏற்றினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்கறை இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். அங்கே நின்றவர்களில் யார் எடை குறைவு என்று பார்த்துத்தான் அவளைக் கூப்பிட்டேன்.